இதுவா உன்னோடது?

ஆமாங்க, அந்தக் கோடாலிக் கதையில வர்ற கேள்வியேதான். விறகுவெட்டி கோடாலியை ஆத்துல விட்டுடுவான், தேவதை தங்கக் கோடாலியைக் காட்டும், இவன் "என்னோடது இல்ல"ம்பான், கடைசியில எல்லாமே அவனுக்கு. பேராசைப்பட்டு பொய் சொன்னவனுக்கு உள்ளதும் போச்சு. நம்ம எல்லாரும் கேட்டதுதானே? எங்க ஊர் பிளம்பர் ஒருத்தனும் கேட்டிருந்தான். அதுதான் வினையே.

ஆள் இல்லாத பழைய வீடு. மோட்டார் மாத்த அவனும் தம்பியும் போனாங்க. தம்பி இடது காலை விந்தி விந்தி நடப்பான். தரைக்கடியில இருந்த தண்ணித் தொட்டியோட மூடியைத் தூக்கினதும் பாசி வாடை குப்புன்னு அடிச்சுது. குனிஞ்சப்ப பிளம்பர் கையில இருந்த துருப்பிடிச்ச ஸ்பேனர் நழுவி உள்ள விழுந்துருச்சு.

இருட்டுத் தண்ணியில இருந்து வெளுத்த கை ஒண்ணு மேல வந்துச்சு. அதுல புத்தம்புது ஸ்பேனர்.

"இதுவா உன்னோடது?"

பிளம்பர் பின்னால நகர்ந்தான். தம்பிதான் காதுல கிசுகிசுத்தான். "இல்லேன்னு சொல்லுண்ணே. அப்பதான் எல்லாம் கிடைக்கும்."

"இல்ல."

கிடைச்சுது. புதுசு ரெண்டு, அவனோட துருப்பிடிச்சது ஒண்ணு, ஆக மூணு ஸ்பேனர்.

பயம் போன வழியிலேயே ஆசை வந்துருச்சு. மறுநாள் ஓட்டை டிரில்லை வேணும்னே போட்டாங்க. அப்புறம் புகைஞ்சுபோன மோட்டாரை. "உண்மையைச் சொல்லியே பணக்காரனாகப் போற மொத ஆளு நீதாண்ணே"ன்னு தம்பி சிரிச்சான்.

ஒரு மத்தியானம் பழைய ரெஞ்சை உள்ள தள்ளப் போன தம்பி வழுக்கிட்டான்.

சத்தமே வரல.

பிளம்பர் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். வெறும் தண்ணி.

அப்புறம் அந்தக் கை, தம்பியைப் பிடரியில பிடிச்சுத் தூக்கிக் காட்டுச்சு. ரெண்டு காலும் நேரா இருந்துச்சு.

"இதுவா உன்னோடது?"

"இல்ல."

அடுத்து இன்னொரு தம்பி. இன்னும் வாட்டசாட்டமா.

"இல்ல."

மூணாவது, வளைஞ்ச காலோட, இருமிக்கிட்டே. "அண்ணே..."

"இதுதான். இவன் மட்டும் போதும். மத்தது வேணாம்."

உண்மையைச் சொன்னவனுக்கு எல்லாமும்தானே?

மூணு பேரும் ஏறி வந்தாங்க.

இப்ப வீட்டுல மூணு பேருக்கும் அவன்தான் சோறு போடுறான். வந்த வாரமே மூணு பேரும் விந்த ஆரம்பிச்சுட்டாங்க. மூணு பேரும் "அண்ணே"ங்கிறாங்க. தன்னோடது எதுன்னு அவனுக்குத் தெரியல. அழுகையும் வரல. வேலைக்குப் போறான், வர்றான், படுக்குறான். உள்ள எல்லாம் மரத்துப் போச்சு.

நேத்து சாயங்காலம் பாத்ரூம் கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. எட்டிப் பார்த்தான். மூணு பேரும் வாளியைச் சுத்திக் குந்தியிருந்தாங்க. வாளித் தண்ணிக்குள்ள அவனோட மூஞ்சி. இன்னும் இளமையா, சிரிச்சுக்கிட்டு.

வாளிக்குள்ள இருந்து, தொட்டியில கேட்ட அதே குரல். "இதுவா உங்க அண்ணன்?"

மூணு வாயும் ஒண்ணா சொல்லுச்சு.

"இல்ல."

பிளம்பர் குனிஞ்சு பார்த்தான். நின்ன தரை காய்ஞ்சிருந்தும், அவன் பாதம் ரெண்டும் பாசித் தண்ணியில நனைஞ்சிருந்துச்சு.

அந்த மூணுல ஒருத்தன் நிஜத் தம்பிதானே? அவனும் ஏங்க "இல்ல"ன்னான்? தன் அண்ணன் மட்டும் போதும்னா, இல்ல மூணு அண்ணனும் வேணும்னா? உங்களுக்கு என்ன தோணுது?