துறையில் இறக்காத பாடை

முற்றத்தில் சிந்திக் கிடந்த சுண்ணாம்புத் தூளில் கால்தடங்கள் விழுந்திருந்தன. பாலம் கட்டும் வேலையிலிருந்து திரும்பிய சீனிச்சாமி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முகம் கழுவக் குனிந்தபோதுதான் கவனித்தான். ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதம் இல்லை. இரண்டும் ஒட்டி ஒட்டி, ஜோடி ஜோடியாகவே பதிந்திருந்தன. இப்படி யார் நடப்பார்கள்?

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுருளிமலைப் பக்கமிருந்து வந்த காற்றில் ஒரு வாடை. பாலத்துக்காக மண் எடுத்த குழிகளின் வாடை. மேஸ்திரியான அவனே ஆள் விட்டு வெட்டிய குழிகள். மழைத்தண்ணீர் தேங்கி, கொசு மொய்த்து, வீட்டுக்கு ஒருவரைக் குளிர்காய்ச்சலில் படுக்கப் போட்ட குழிகள். ஊரார் மூடச்சொல்லி வந்து நின்றபோது, பாலம் முடியட்டும், பார்க்கலாம் என்றான். போன வாரம் அதே காய்ச்சலில் அவன் பெண்டாட்டி இருளம்மாள் போய்ச்சேர்ந்தாள். பாவி, அதற்குப் பிறகாவது மூடினானா?

பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் வேலியோரம் நின்று தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழுந்தனாரே, அன்னைக்கு இருளம்மாளத் துறையில எறக்குனீகளா?"

"ஆத்துல வெள்ளம் மதினி. அரைகுறைப் பாலத்துல பலகையப் போட்டு, அது மேலயே தூக்கிட்டுப் போயிட்டோம்."

"அப்ப கால்கட்டு?"

சீனிச்சாமி தடங்களைத் திரும்பிப் பார்த்தான். இடுகாடு அக்கரையில் இருந்தது. செத்தவர்களின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியை, துறையில் பாடையை இறக்கி ஆற்றுத் தண்ணீரில் வைத்து அவிழ்ப்பதுதான் அந்த ஊர் வழக்கம். அன்று வெள்ளமும் இல்லை, ஒன்றும் இல்லை. முழங்கால் தண்ணீர்தான். மதியம் வெள்ளைக்கார இஞ்சினியர் பாலத்தைப் பார்க்க வருகிறார் என்று அவன்தான் எல்லோரையும் விரட்டினான். தன் தலைத்துண்டின் சிவப்புக் கரையைக் கிழித்து அவனே போட்ட கட்டு. அதோடேயே புதைத்துவிட்டு ஓடிவந்தான்.

"அவுக்கலையா? அடப் பாவி மனுசா! கட்டுன காலோட அவ எங்கன போவா?"

"பிள்ள எங்க மதினி? பவுனு எங்க?"

"உள்ளதான் வெளையாண்டுக்கிட்டிருந்தா. ஆத்தா வந்துருக்குன்னா. சின்னப்பிள்ள பேச்சுன்னு விட்டுட்டேன்..."

தடங்கள் படியேறி வீட்டுக்குள் போயிருந்தன. வெளியே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

உள்ளே இருட்டு. சுண்ணாம்பு நெடி. அடுப்பங்கரையில் ஏதோ விழுந்த மாதிரிச் சத்தம்.

தொப்.

பிறகு மறுபடியும். தொப்.

"பவுனு?"

"இங்கனதான்யா இருக்கேன்."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிம்னி விளக்கை ஏற்றினான். மகள் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துக் குதித்து வந்தாள். சிரித்தாள். பற்கள் கிடுகிடுவென அடித்துக்கொண்டன.

"ஆத்தா இப்பிடித்தான்யா நடந்து வந்துச்சு. எனக்கும் சொல்லிக்குடுத்துச்சு."

அள்ளி எடுத்தான். பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"குளுருதுய்யா."

இறக்கி உட்கார வைத்தான். விளக்கைத் தாழ்த்தினான். அவளது இரண்டு பெருவிரல்களையும் சேர்த்து ஒரு துணி. சிவப்புக் கரை.

அவன் போட்ட முடிச்சு.

"அவுத்துருவேன் தாயி. இப்ப அவுத்துருவேன்."

நகம் பெயர்ந்தது. முடிச்சு இளகவில்லை. இழுக்க இழுக்க இறுகியது.

சத்தம் இல்லாமல் யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள்.

விளக்கு வெளிச்சத்தில், பவுனின் காலுக்குப் பின்னால், சுண்ணாம்பு அப்பிய இரண்டு பெரிய பாதங்கள். அகன்று நின்றன. கட்டு இல்லாமல்.