சிஜி வளர்த்த கன்று

அந்தி சாயும் நேரத்தில் பிரதீஷ் டயர்க் கடையைப் பூட்டிவிட்டு வந்து முற்றத்தில் பைக்கை நிறுத்தியபோது, வீட்டுக்குப் பின்னால் தொழுவத்திலிருந்து சிஜி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவன் மனைவி சிரித்து அவன் கேட்டதே இல்லை. நியாயமாகப் பார்த்தால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டான். அவள் ஏதோ கேட்டாள், நிறுத்தினாள், பதில் வரும்வரை பொறுப்பதுபோலக் கொஞ்சம் பொறுத்தாள், பிறகு "ஓ, அப்பிடியா!" என்று மறுபடி சிரித்தாள். அவள் பொறுத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் கனத்த மூச்சு ஒன்றுதான் கேட்டது.

எட்டிப் பார்த்தான். அவளையும் கன்றையும் தவிர யாரும் இல்லை.

"ஆருட்ட பேசிட்டு இருந்த?"

"இவன்ட்ட தான். வேற ஆரு உண்டு இஞ்ச?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "சோறு அடுப்பாங்கரையில இருக்கு. எடுத்துத் தின்னுங்க."

அந்தக் கன்று வந்த கதை ஊருக்கே தெரியும். குழந்தை உயிரில்லாமல் பிறந்து, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டு எல்லை தாண்டி வந்த மாட்டு லாரி எதிலிருந்தோ, செத்துவிட்டது என்று நினைத்து ஓடையோரம் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள் அந்தக் கன்றை. முன்னங்கால் ஒடிந்து தொங்கியது. காளைக்கன்று, பாலுக்கும் ஆகாது. இருக்கிற எலும்புக்கும் தோலுக்கும் இறைச்சிக்காரன்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டான். சாயாக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், "பாவம்" என்றார்கள், சாயாவைக் குடித்தார்கள். சிஜி ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"வெறுங்கையோட என்னால அந்த வீட்டுக்குள்ள கேற முடியாது," என்றாள். அன்றைக்கு அவள் என்ன கேட்டிருந்தாலும் அவன் கொடுத்திருப்பான்.

பிழைக்காது என்றுதான் மிருக டாக்டர் சொன்னார். பிழைத்தது. குழந்தைக்கு என்று வாங்கி வைத்திருந்த துவர்த்துத் துண்டுகளால் சிஜி அதைத் துடைத்தாள், குழந்தைக்கு என்று வைத்திருந்த போர்வையைப் போர்த்தினாள், பால்குப்பியோடு ராப்பகல் அதன் பக்கத்திலேயே கிடந்தாள். கண்ணுக்கு மை எழுதாத குறைதான். ஒடிந்த கால் கூடியது. மயிர் எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. கன்று முற்றத்தில் துள்ளியது, சிஜிக்கும் கன்னத்தில் சதை பிடித்தது. பார்த்தவர்கள் எல்லாம் வாயாரப் புகழ்ந்தார்கள்.

ஒரு கன்றைப் பார்த்து ஆண்பிள்ளை ஒருவனுக்கு வயிறு எரிகிறது என்றால் கேட்கிறவன் சிரிப்பான். பிரதீஷுக்கே முதலில் சிரிப்புத்தான் வந்தது. மீனில் முள் எடுத்து அவன் தட்டில் வைப்பவள் இப்போது அவன் சாப்பிட்டானா என்றுகூடக் கேட்பதில்லை. பாயைத் தொழுவத்துக்கே கொண்டுபோய்விட்டாள். செத்துப்போனது அவனுக்கும் பிள்ளைதானே. அவன் தலையை யார் தடவினார்கள்?

தினமும் விளக்கை அணைத்துவிட்டு அடுக்களை ஜன்னலில் நின்று பார்ப்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. மஞ்சள் பல்பு வெளிச்சம், பாலும் ஈர வைக்கோலும் கலந்த வாடை, சப் சப்பென்று விடாமல் உறிஞ்சும் சத்தம், கன்றின் காதுக்குப் பின்னால் மெதுவாகச் சொறிந்துகொடுக்கும் சிஜியின் விரல்கள். அந்த விரல்கள் அவன் தலைமுடிக்குள் இருந்தவை. ஒருநாள் குடித்துக்கொண்டே கன்று ஒற்றைக் கண்ணைத் திறந்து, இருட்டில் நின்ற அவனை நேராகப் பார்த்தது. ரயிலில் ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிட்டவன், நிற்கிறவனைப் பார்ப்பானே, அப்படி.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று பிரதீஷ் நினைத்தான். உடம்பெல்லாம் எரிய நினைத்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை.

கன்று குடிப்பதை நிறுத்திவிட்டு, காதுகளை அவன் பக்கம் திருப்பியது.

மறுவாரம் சர்ச்சில் பெண்கள் ஜெபக்கூட்டம் வந்தது. "நீங்க இவனைப் பாத்துக்கிடுவியளா?" என்று சிஜி இரண்டு தடவை கேட்டாள். பார்த்துக்கொள்வேன் என்றான். அவள் ரோட்டு வளைவு திரும்பியதுமே குட்டியானை லோடு வண்டியை வரவழைத்து, கன்றை ஏற்றி, காட்டாக்கடை சந்தைக்குக் கொண்டுபோய் ஒரு தரகனிடம் கயிற்றைக் கொடுத்தான். விலை பேசக்கூட நிற்கவில்லை. கன்று முரண்டு பிடிக்கவில்லை, கத்தவில்லை. அவன் உள்ளங்கையை ஒருமுறை நீளமாக நக்கியது, துக்க வீட்டில் கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறவர்களைப்போல.

திரும்பி வரும் பஸ்ஸில் வாயெல்லாம் எச்சில் ஊறியது. விழுங்க விழுங்க ஊறியது.

"எவிடேக்கா சேட்டா?" என்று மலையாளத்தில் போகிற ஊரைக் கேட்டார் கண்டக்டர்.

உதியன்குளங்கரை. பிறந்து வளர்ந்த ஊர். பெயர் நெஞ்சில் இருந்தது, நாக்கு அதைத் தூக்க மறுத்தது. மலைத்துப்போய் முன்பக்கம் கையைக் காட்டினான். கண்டக்டர் குடிகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்து வழியில் யாரும் இல்லை. நனைந்த புல்லின் வாசம் வந்தது. இவ்வளவு நாள் அதே வழியில் நடந்தும் அந்த வாசத்துக்கு இனிப்பு உண்டு என்று அவனுக்குத் தெரிந்ததில்லை. நின்றான். குனிந்தான். எதற்குக் குனிந்தோம் என்று உறைத்ததும் ஓடத் தொடங்கினான்.

வீடு இருட்டாக இருந்தது. தொழுவத்தில் மட்டும் பல்பு எரிந்தது.

சிஜி சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு வைக்கோலில் உட்கார்ந்திருந்தாள். கையில் பால்குப்பி. அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"கொண்டு விட்டாச்சு, இல்லியா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு தடித்துக் கிடந்தது.

"செரி," என்றாள். கோபமே இல்லை. "ஆனா எனக்கு இஞ்ச ஒண்ணு வேணுமாக்கும்."

மடியைத் தட்டினாள்.

"வா மக்கா."

அந்தக் குரல். அதற்காகத்தானே இத்தனை நாள் இருட்டில் நின்றான். போகக் கூடாது என்று தெரிந்தது. பின்னால் வாசல் திறந்துதான் கிடந்தது. முற்றத்தில் பைக் நின்றது. சாவி சட்டைப்பையில் இருந்தது.

அவன் உடம்பில் முதலில் மடங்கியது முன்பக்கம், மாடு படுப்பதுபோல.

கைகள் தரையில் ஊன்றின. விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை.

சிஜி கயிற்றை எடுத்தாள். கழுத்தில் சுற்றினாள். இறுக்குகிறதா என்று இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு அந்த விரல்கள் அவன் காதுக்குப் பின்னால் போயின. மெதுவாக. சூடாக.

"இனி ஒருத்தனும் உன்னைக் கொண்டு போவமாட்டான்," என்றாள்.

அவள் பெயரைச் சொல்லப் பார்த்தான். வரவில்லை. அழவேண்டும்போல இருந்தது.

அதைவிடப் பசித்தது.

கழுத்தை நீட்டி, பால் வருவதற்காக, அவள் மடியில் தலையால் ஒரு முட்டு முட்டினான்.