தெரிஞ்ச தெருவுக்கு வழி கேட்டவன்

நீங்க எப்பவாவது முகமே பார்க்காத ஒருத்தரோட குரலைக் கேட்டு, எடுத்த கவளத்தை வாயில வைக்காம அப்படியே உட்கார்ந்திருக்கீங்களா?

அவ உட்கார்ந்திருக்கா. ஒரு தடவை இல்ல... எத்தனையோ தடவை.

பிறந்த நாட்டை விட்டு வந்து புது நாட்டுல குடியேறினவங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ற மையம் அது. பல்கலைக்கழகத்தோட பழைய கட்டடத்துல மேல் மாடி. அவதான் டைரக்டர். வந்தவங்க எப்படி வீடு தேடினாங்க, யார் முதல்ல சிரிச்சா, எப்போ இது நம்ம ஊருன்னு தோணுச்சு... எல்லாத்தையும் அவங்க வாயாலயே சொல்லச் சொல்லிப் பதிவு பண்ணுவாங்க. பேரு ஒரு பூட்டின அலமாரியில இருக்கும். சாவி செக்ரட்டரி அக்காகிட்ட. பழைய பதிவுன்னா டைரக்டருக்கே குரல் மட்டும்தான் தெரியும். குரலுக்கு ஒரு நம்பர்.

அதுல பதினேழுன்னு ஒரு குரல். அவ வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே யாரோ பதிவு பண்ணினது.

"வந்த புதுசுல எனக்குப் பேச ஆளே இல்லைங்க. என் குரல் இன்னும் இருக்கான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒரு நாள் ஸ்டேஷன் வாசல்ல நின்னு, நான் குடியிருக்கிற தெருவுக்கே ஒருத்தர்கிட்ட வழி கேட்டேன். அவரு பொறுமையா கையைக் காட்டிச் சொன்னாரு. தெரிஞ்ச வழிதான்... ஆனா கேட்டுக்கிட்டே நின்னேன்."

எவ்வளவு புத்தகம் படிச்சிருக்கா... எவ்வளவு பெரிய ஆளுங்க பேசிக் கேட்டிருக்கா... இந்த நாலு வரிகிட்ட எதுவும் நிக்கலை. கோயிலுக்குள்ள காலை வைக்கிற மாதிரிதான் அந்தப் பதிவைத் திறப்பா.

அன்னைக்கு வெளியில நல்ல மழை. பேட்டி அறையில ஒரு அம்மா. ரொம்ப நேரம் வாயே திறக்காம இருந்துட்டு, அப்பதான் "என் பொண்ணை விட்டுட்டு வந்தப்போ..."ன்னு ஆரம்பிச்சாங்க.

டர்ர்ர்ர்ர்ர்...

சுவரே அதிர்ந்தது. அந்த அம்மா டக்குனு நிறுத்திட்டாங்க. மறுபடி ஆரம்பிக்கவே இல்ல.

அவங்களை வழியனுப்பிட்டு, கோபமா அடுத்த அறைக்குப் போனா. ஏணி மேல ஒருத்தன். கையில டிரில். முடி எல்லாம் மரத்தூள்.

"வாசல்ல சிவப்பு விளக்கு எரியுதே, கண்ணு தெரியலையா? ஒருத்தங்க மனசு திறக்கிற நேரம் பார்த்துத்தான் சுவரைத் திறக்கணுமா?"

அவன் பதறி இறங்கினான். பெரிய கண்ணு... திட்டு வாங்கின பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி முழிச்சது.

"மன்னிச்சுக்கோங்க மேடம். மழைச் சத்தம் உள்ள வருதுன்னு ரெட்டைக் கண்ணாடி மாட்டச் சொன்னாங்க. சத்தத்தை நிறுத்த வந்த நானே மழையை விட மோசமாயிட்டேன்..."



அந்தக் குரல்.

'மன்னிச்சுக்கோங்க'ல லேசா ஒரு இழுப்பு... வாக்கியம் முடியிற இடத்துல ஒரு சின்ன மூச்சு... எனக்குத் தெரியாதா? இந்த மூச்சை எத்தனை தடவை கேட்டிருக்கேன்!

பதினேழு. பதினேழுக்கு முகம் இருக்கு. தாடையில ஒரு வெட்டுத் தழும்பு இருக்கு. அது ஏணியில ஏறி இறங்குது!

"மேடம்? என்னங்க, ரொம்பக் கோபமா?"

"இல்ல... தண்ணி வேணுமா?"ன்னு சம்பந்தமே இல்லாம கேட்டுட்டு ஓடி வந்துட்டா.

செக்ரட்டரி அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேல பார்த்தாங்க. "ஏம்மா, திட்டப் போனியா, திட்டு வாங்கப் போனியா? முகம் இப்படிச் சிவந்து கிடக்கு?"

"சும்மா இருங்கக்கா."

மாடியில ஜன்னலுக்குப் பஞ்சமில்ல. தினமும் வந்தான். கண்ணாடிக்காரர்னு எல்லாரும் கூப்பிட ஆரம்பிச்சாங்க. சிவப்பு விளக்கு எரிஞ்சா டிரில்லைக் கீழ வச்சுட்டு டீ குடிக்க வந்துருவான்.

"இங்க என்னதான் பண்றீங்க மேடம்?"

"வெளிநாட்டுலேர்ந்து குடியேறினவங்க கதையைக் கேக்கறோம்."

"அட... நானும் ஒரு தடவை இந்த மாதிரி பேசியிருக்கேங்க. லைப்ரரில வச்சு. யாரு உட்கார்ந்து அதையெல்லாம் கேக்கப் போறாங்க!"

இதோ, நான்தான் கேட்டேன்... தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிட்டா. பழைய பதிவுல பேசினவர் யாருன்னு அவளுக்குத் தெரியவே கூடாது. அதைவிட, சொல்லிட்டா இந்த டீ நேரம் நின்னுடுமேன்னு பயம்.

"டைரக்டர்னா கதவைச் சாத்திக்கிட்டு இருப்பாங்கன்னு நினைச்சேன். நீங்க கெட்டில் எல்லாம் கழுவறீங்க?"

"கழுவலைன்னா அக்கா என்னையே கழுவி ஊத்திடுவாங்க!"

அவன் சிரிச்சான். பதிவுல அந்தச் சிரிப்பு இல்ல... இது அவளுக்குப் புதுசு.

அப்புறம் ஒரு சாயங்காலம். மழை. ஒரே ஒரு ஜன்னல் பாக்கி. புதுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரெண்டு பேரும் நின்னாங்க. வெளியில மழை கொட்டுது, உள்ள ஒரு சத்தமும் இல்ல. மழையோட முகம் மட்டும் தெரியுது. அவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தா.

அவன் மெதுவா சொன்னான். "தெரிஞ்சவங்க யார்கிட்டயும் சொன்னதில்லைங்க... உங்ககிட்ட சொல்லணும்னு தோணுது. வந்த புதுசுல ஒரு நாள் ஸ்டேஷன் வாசல்ல நின்னு..."

"...உங்க தெருவுக்கே வழி கேட்டீங்க"ன்னு முடிச்சா அவ.

எத்தனையோ தடவை கேட்டுக் கேட்டு நாக்குல ஊறின வரி. வாயை விட்டுப் போனப்புறம்தான் உறைச்சது.

அவன் திரும்பினான். முகத்துல ரத்தமே இல்ல.

"நீங்க... அதைக் கேட்டிருக்கீங்க."

"நான் சொல்லணும்னுதான்..."

"எப்போலேர்ந்து தெரியும்?"

"முதல் நாள். நீங்க மன்னிப்புக் கேட்டப்போ."

"அப்போ நான் கொஞ்சம் கொஞ்சமா யோசிச்சு யோசிச்சுப் பேசினதெல்லாம்... ஏற்கனவே பார்த்த படம் மாதிரி உட்கார்ந்து பார்த்தீங்க." குரல் உடைஞ்சது. "நான் உங்களுக்கு ஆளா மேடம், ஆராய்ச்சியா?"

சாமானை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அடுத்த நாள் வரலை. அதுக்கடுத்த நாளும்.

அக்காகிட்ட எல்லாத்தையும் அழுதுக்கிட்டே சொன்னா. அக்கா திட்டலை. "தப்புப் பண்ணினது டைரக்டர்னா இங்க உட்காரு. அழறது டைரக்டர் இல்ல, நீதான்னா அவன் பட்டறை ரெண்டு தெரு தள்ளி. எழுந்து போ"ன்னாங்க.

போனா.

உள்ள காலை வச்சதும் நின்னுட்டா. சுவர் முழுக்கக் கண்ணாடிங்க சாய்ச்சு வச்சிருக்கு. சாயங்கால வெயில் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவித் தாவி, அந்தச் சின்னப் பட்டறையே ஒளியில மிதந்தது. நடுவுல அவன். அந்த நாலு வரியைச் சொன்ன ஆளு, கையில பட்டி பூசுற தகடோட.

"ஜன்னல் பாக்கி இருக்குன்னு திட்ட வந்தீங்களா?"

"இல்ல. நான் செஞ்சது தப்பு. உங்களுக்குத் தெரியாம உங்களைத் தெரிஞ்சு வச்சிருந்தேன்."

அவன் தகட்டைத் துடைச்சான். துடைச்சுக்கிட்டே இருந்தான்.

"பேட்டிக்கு முன்னாடி விதி எல்லாம் படிச்சுக் காட்டினாங்க. எப்ப வேணா திருப்பிக் கேக்கலாம், மிச்சமே இல்லாம அழிச்சிடுவோம்னாங்க. அழிச்சிடுங்க."

எத்தனை மாணவங்களுக்குப் போட்டுக் காட்டின குரல்... அந்த மையத்துக்கே உயிர் அதுதான்.

"நீங்க சொன்னா அழிச்சுத்தான் ஆகணும்"னா.

"விதியைக் கேக்கலைங்க. உங்க மனசைக் கேக்கறேன். உங்களுக்கு வேணும்கிறது அந்தக் குரலா, நானா?"

"கேளுங்க..." அவ கண்ணு நிறைஞ்சது. "நானும் இந்த ஊருக்குத் தனியா வந்தவதான். டைரக்டர்னு வணக்கம் சொல்ல ஆள் இருந்தாங்க, சாப்பிட்டியான்னு கேக்க ஆள் இல்ல. ராத்திரி உங்க குரலைப் போட்டுக்கிட்டுத்தான் சாப்பிடுவேன். வீட்டுல ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அதை அழிச்சா எனக்கு என்ன மிஞ்சும்னு பயமா இருக்கு."

"நான் மிஞ்சுவேன்."

அவ நிமிர்ந்து பார்த்தா.

"அந்த விதியில இன்னொண்ணும் படிச்சாங்க மேடம்... பேட்டி குடுத்தவங்களோட மையத்து ஆளுங்க பழகக் கூடாதுன்னு. அப்போ சிரிப்பு வந்துச்சு, யாரு என்னோட பழக வரப்போறான்னு. இப்போ அதுதான் குறுக்க நிக்குது. பதிவு இல்லைன்னா நான் பேட்டி குடுத்தவனும் இல்ல. நான் உங்களோட பழகணும். எல்லாத்தையும் முதல்லேர்ந்து நானே சொல்லணும். எதிர்ல உட்கார்ந்து நீங்க கேக்கணும்."

பதிவுல இல்லாத வரி. அவளுக்காக மட்டும் சொன்ன வரி...

"நீங்க சொல்றதை நடுவுல புகுந்து முடிக்க மாட்டேன்"னா, அழுகையும் சிரிப்புமா.

"மேடம்னும் கூப்பிட மாட்டேன்"னான் அவன்.

"எனக்கு நீங்கதான் வேணும்."

மறுநாள் காலையில அவ மையத்துக்குப் போய், அக்காவைச் சாட்சிக்கு வச்சுக்கிட்டு, பதினேழாம் பதிவை அழிச்சா. பிரதிகளையும் அழிச்சா. மாணவங்க ஏன்னு கேட்டாங்க. பேசினவர் திரும்ப வாங்கிக்கிட்டார்னு சொன்னா.