பருப்பு என்று எழுதிய டப்பா

"என்னங்க… இங்க கொஞ்சம் வாங்களேன்! இந்த அநியாயத்த வந்து பாருங்களேன்!"

விடிந்தும் விடியாத நேரத்தில் மருமகள் போட்ட சத்தத்துக்கு வீடே அடுப்படிக்கு ஓடி வந்தது. ஒரு கையில் சீப்பு, பாதி பின்னிய சடை, மேலே இஸ்திரி போட்ட நர்ஸ் உடுப்பு… அடுப்புக்கு முன்னால் அவள் மலைத்துப்போய் நின்றுகொண்டிருந்தாள். பாத்திரத்தில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது தண்ணீர். வெறும் தண்ணீர்! உப்பு இல்லை, உறைப்பு இல்லை, பேருக்கு ஒரு பருப்புகூட இல்லை. பக்கத்தில் காலி டப்பா. மூடியில் ஒட்டியிருந்த பட்டையில் அவள் கையெழுத்திலேயே கொட்டை கொட்டையாக 'பருப்பு' என்று எழுதியிருந்தது.

"அவசரத்துல ஃப்ரீஸர்லேர்ந்து எடுத்து ஐஸோட அப்படியே கவுத்து, மூடி வச்சுட்டுத் தல வாரப் போனேன். வந்து பாத்தா… இது!"

"அண்ணி, இன்னைக்கு டிபன் பாக்ஸ்ல சுடுதண்ணியா? தொட்டுக்க என்ன?" என்றான் சின்னவன். காலேஜுக்குப் போகிற வயசு. எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கிண்டல்தான்.

"வாய மூடுடா!" என்று ஒரு அதட்டு அதட்டினான் பெரியவன், அவள் புருஷன். பஸ் ஓட்டுகிறவன், முதல் டிரிப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஃப்ரீஸரைத் திறந்து மேலாக இருந்த இன்னொரு டப்பாவை உருவினான். 'கோழி' என்று எழுதியிருந்தது. திறந்தால் பளிங்கு மாதிரி ஐஸ்! அடுத்தது 'பட்டாணி'. அதிலும் ஐஸ்!

கதவோரத்தில் நின்றிருந்தாள் அவன் அம்மா. மருமகள் அவளை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அத்தைக்கு உள்ளங்கையெல்லாம் வேர்த்துவிட்டது. ஏன் வேர்க்காது? அந்த டப்பாக்களில் தண்ணீரை ஊற்றி வைத்தவளே அவள்தானே!

அந்த ஃப்ரீஸர் சும்மா நிரம்பவில்லை, பாருங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு லீவு மருமகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை. ஊர் உலகமெல்லாம் கால் நீட்டிப் படுத்திருக்கும் அந்த நாளில் இவள் நான்கு அடுப்பையும் பற்றவைத்துக்கொண்டு நிற்பாள். வாரம் முழுவதற்குமான பருப்பு, கோழி, பட்டாணி, காய்கறி சூப் எல்லாவற்றையும் ஒரே மூச்சாக ஆக்கி, ஆறவைத்து, வெள்ளை டப்பாக்களில் அளந்து ஊற்றி, பட்டை ஒட்டி, பெயர் எழுதி அடுக்குவாள். யார் எந்த நேரத்துக்கு வேலைக்குப் போனாலும், எந்த நேரத்துக்கு வந்தாலும், ஒரு டப்பாவை எடுத்துச் சூடு பண்ணினால் போதும். அன்றைக்கு ராத்திரி அவள் காலெல்லாம் வீங்கிப் போயிருக்கும். ஆனாலும் ஃப்ரீஸர் கதவை ஒருதரம் திறந்து பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

"என் ஞாயித்துக்கிழமையையே இதுலதாங்க போட்டு வச்சிருக்கேன்…" என்றாள் இப்போது. "இதையும் திருடுவாங்களா?"

"யாரு திருடுவா? நம்ம நாலு பேரத் தவிர இந்த வீட்டுக்குள்ள வந்து போறது யாரு?" என்று கேட்டான் பெரியவன்.

அவன் வாய் மூடவில்லை, வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். பாத்திரம் துலக்கி, வீடு பெருக்குகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகளோடு உட்கார்ந்து மலை மலையாக வெங்காயம் நறுக்குகிறவளும் அவள்தான். அந்த மாடிக் கட்டடத்தில் ஒரே படிக்கட்டைச் சுற்றியிருந்த எல்லா வீட்டுக்கும் அவள்தான் வேலைக்காரி, எல்லோருக்கும் அவள் அக்காதான்.

"ஏன்க்கா… உங்களுக்குப் பசிச்சா கேட்டிருக்கலாமே! நாங்க இல்லன்னா சொல்லப் போறோம்? எடுத்துட்டுத் தண்ணிய ஊத்தி வேற வச்சிருக்கீங்களே, இது என்ன கெட்டிக்காரத்தனம்!" என்றான் பெரியவன்.

அக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. டப்பாக்களைப் பார்த்தாள். கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி அத்தையைப் பார்த்தாள்.

அத்தைக்கு உயிரே போய்விட்டது. தெரியும். இவளுக்குத் தெரியும்! போன வாரம் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, "குடுங்க பெரியம்மா" என்று அந்தச் சில்லென்ற பையை வாங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிவந்தது இவள்தானே! 'சொல்லிடாதடி' என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. 'நீயே சொல்லேன்டி பாவி' என்று இன்னொரு குரல் குத்தியது.

அக்கா இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்து மேடைமேல் வைத்தாள். வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

"பாத்தியா, மறுத்து ஒரு வார்த்தை பேசினாளா? குத்தமுள்ள நெஞ்சு!" என்றான் பெரியவன். குற்றமுள்ள நெஞ்சு கதவோரத்தில் நின்று படபடவென்று அடித்துக்கொண்டதை அந்த மடையன் எங்கே கண்டான்!

எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். அத்தை தனியாக நாற்காலியில் சரிந்தாள்.

எல்லாம் பெற்ற வயிறு படுத்திய பாடு. அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள், இந்த இரண்டு பையன்களுக்கும் நடுவில் பிறந்தவள். வாய்த்துடுக்கு. போன வருஷம் சொந்தக்காரர்கள் கூடியிருந்த இடத்தில், "எங்கண்ணி பொணத்த வைக்கிற மாதிரி சோத்த ஐஸ்ல வச்சு எங்கம்மாவுக்குப் போடறா" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். மருமகள் எல்லோர் முன்னாலும் அழுதுகொண்டே எழுந்து போனாள். "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத. அம்மா, நீயும் அவளப் பாக்கக் கூடாது!" என்று பெரியவன் ஒரே போடாகப் போட்டுவிட்டான். அன்றோடு சரி, போக்குவரத்து அற்றுப்போனது.

இப்போது அந்த மகள் மாசமாக இருக்கிறாள். கட்டிலை விட்டு இறங்கினால் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் லாரியோடு எந்த ரோட்டில் இருக்கிறானோ! "அம்மா… பசிக்குதும்மா…" என்று ஒருநாள் போனில் அழுதாள். அத்தையால் தாங்க முடியவில்லை. போய்ச் சமைத்துக் கொடுக்கலாம் என்றால் கை நடுக்கம், நின்றால் தலைசுற்றல். அதனால் ஃப்ரீஸரைத் திறந்து தன் பங்கு டப்பாவை எடுத்தாள். தன் பங்கை மட்டும்தான்! சர்க்கரை வியாதிக்கு நடந்தே ஆகணும் என்று மருமகள் சொன்னதுதான் சாக்கு. "நடந்துட்டு வரேம்மா" என்று கிளம்பி, பஸ் ஏறி, மகள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். தன் வயிற்றுக்கு ரொட்டியும் டீயும் போதும் என்று ஆகிவிட்டது.

ஒரே தடவையில் இரண்டு மூன்று நாள் பங்கு போவதால் டப்பாக்கள் குறைவது தெரியக்கூடாதே என்று, மகள் வீட்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்த காலி டப்பாவில் தண்ணீரை ஊற்றி, பட்டை மாறாமல் அடியில் தள்ளி வைத்தாள். மேலே இருப்பதைத்தானே எடுப்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை சமையல் நேரத்தில் ஓரிரண்டு ஐஸை உருக்கிக் கொட்டிவிட்டு, காலி டப்பாவைக் கழுவி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நேற்று மருமகள், "பழசெல்லாம் அடியிலயே தங்கிடுது அத்தை" என்று சொல்லி, அடியில் கிடந்ததையெல்லாம் மேலே கொண்டுவந்து அடுக்கிவிட்டாள். அத்தை பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். தடுக்க என்ன சொல்வாள்!

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த மருமகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மனசே சரியில்ல அத்தை. அந்த அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல. காலைல நானும் ஒண்ணும் பேசாம நின்னுட்டேனே…"

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றான் பெரியவன். "நம்ம படிக்கட்டுல எல்லா வீட்டுலயும் நான் சொல்லிட்டேன். யாரும் இனிமே அவள உள்ள விடமாட்டாங்க."

அத்தை நாற்காலியை விட்டு எழுந்தாள். எல்லா வீட்டிலுமா? அப்படியானால் அவள் பிழைப்பு? வாயைத் திறந்தால் மகளுக்குப் போகிற சோறு நிற்கும். திறக்காவிட்டால் ஒரு நல்லவள் திருடியாகவே நிற்பாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அப்போதுதான் புரண்டது.

"டேய்… நிறுத்துடா! அவ எடுக்கலடா! நான்தான்… நான்தான்டா எடுத்தேன்! தண்ணிய ஊத்தி வச்சதும் நான்தான்!"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள் அத்தை. மகள் பெயர் காதில் விழுந்ததும் பெரியவனுக்கு முகம் சிவந்தது.

"அவளுக்கா? என் பொண்டாட்டி ஆக்குனத அத்தன பேர் முன்னாடி பொணம்னு சொன்னவளுக்கா? உனக்கு வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான்டா இருக்கு… ஆனா அவ பசிக்குதுன்னாளேடா…"

"கொஞ்சம் சும்மா இருங்க!" என்றாள் மருமகள். அவள் புருஷனைப் பார்க்கவே இல்லை. அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். தொளதொளவென்று இறங்கிக் கிடந்த வளையலைப் பார்த்தாள். "அத்தை… உங்க பங்கைக் குடுத்துட்டீங்க சரி. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி… டீ…"

"சர்க்கரைய வச்சுக்கிட்டா? நேரம் தவறாம மாத்திரை வேற போட்டுக்கிட்டா?" மருமகளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. "நீங்க எளைச்சதப் பாத்து, வாக்கிங் போறதாலன்னு ஆஸ்பத்திரி பூரா பெருமையடிச்சேனே! நானும் ஒரு நர்ஸா? ஊரான் நாடியெல்லாம் பிடிச்சுப் பாக்கறேன்… என் வீட்டுக்குள்ள ஒருத்தங்க பட்டினி கெடந்தது என் கண்ணுக்குத் தெரியலயே! ஏன் அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா இல்லன்னா சொல்லியிருப்பேன்? அவ்வளவு கல்நெஞ்சுக்காரின்னா என்ன நெனச்சுட்டீங்க?"

"நெனச்சுட்டேன்மா… தப்பா நெனச்சுட்டேன்… என்ன மன்னிச்சுரு தாயி!"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் சின்னவனே கிண்டலை மறந்து மூக்கை உறிஞ்சினான். மருமகள்தான் முதலில் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃப்ரீஸரைத் திறந்து, நல்ல டப்பாக்களாகப் பார்த்துப் பையில் அடுக்கினாள்.

"வண்டிய எடுங்க. அவ வாய்க்கொழுப்ப அப்புறமா விசாரிச்சுக்கறேன். மாசமா இருக்கறவ மொதல்ல சாப்பிடட்டும்."

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு சாவியை எடுத்தான்.

ஆனால் அத்தை அசையவில்லை. "மொதல்ல அங்க இல்லம்மா. அக்கா வீட்டுக்குப் போகணும்."

அக்காவின் வீடு சந்துக்குள்ளே ஒற்றை அறை. வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள், மூவரையும் பார்த்ததும் எழுந்து நின்றாள். பெரியவன் கையைக் கூப்பி, "மன்னிச்சிருங்கக்கா… அவசரப்பட்டுட்டேன்" என்றான். மருமகள் சாவியை நீட்டினாள்.

அக்கா அதை வாங்கவில்லை.

"உங்க மேல கோவமில்ல தம்பி. உங்களுக்குத் தெரியாது, கேட்டீங்க." அவள் பார்வை அத்தையிடம் போய் நின்றது. "பெரியம்மா… பெத்த பொண்ணுக்குக் கொண்டு போறீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் நான் வாயத் தெறக்கல. ஆனா நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு உங்க மொகத்தையே பாத்தேன்… சாவிய வைக்கறப்பகூட சொல்லுவீங்கன்னு நெனச்சேன்…"

அத்தை சட்டென்று குனிந்து அவள் காலைத் தொடப்போனாள். அக்கா பதறிப் பின்வாங்கினாள்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்! எம் பேரைத் திருப்பிக் குடுங்க, போதும். மத்த வீட்டு வேலையப் பாத்துப் பொழச்சுக்கறேன். உங்க வீட்டுக்கு மட்டும் என்னால வர முடியாது பெரியம்மா. வந்தா அந்தக் கதவோரத்துல நீங்க நின்னதுதான் ஞாபகம் வரும்."

மருமகள் நீட்டிய சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சந்து முனையில் மருமகள் பையோடு வண்டியில் ஏறினாள். "வாங்க அத்தை, உங்க பொண்ணுக்கு உங்களப் பாத்தாத்தான் தெம்பு வரும்."

அத்தைக்கும் போகத்தான் ஆசை. அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசப்போகிற நேரம். ஒரு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்த நேரம். மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"நீங்க போய்ட்டு வாங்கம்மா. எனக்கு வேற வேலை இருக்கு."

தன் வீட்டுப் படிக்கட்டை வந்து சேர்ந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல ஏறினாள். கீழ்வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னாள். எதிர்வீட்டில் சொன்னாள். சொல்லச் சொல்லக் கூனிக் குறுகினாள், ஆனாலும் விடவில்லை. மேல்மாடிக் கதவைத் திறந்த அம்மாளுக்கு, கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்கா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க? உங்க வீட்டுச் சோறு, உங்க பங்கு. அத உங்க பொண்ணுக்குக் குடுத்தா அது திருட்டாம்மா?"

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சோத்த எடுத்தத யாரு வேணும்னாலும் மன்னிச்சிருவாங்கம்மா. அவளத் திருடின்னு சொன்னப்ப, பக்கத்துலயே நின்னுக்கிட்டு வாய மூடிக்கிட்டேன் பாருங்க… அதச் சொல்லத்தான் வந்தேன். நாளைக்குக் காலைல அவ வருவா. கதவத் தெறந்து விடுங்க."