சப்பிய ஐஸ்

தம்ளரில் விழுந்த ஐஸ் கட்டிகளுக்கு விளிம்பே இல்லை. யாரோ வாயில் போட்டுச் சப்பிவிட்டு மனம் மாறித் துப்பியது போல, வழவழவென்று நடுவில் குழிந்து கிடந்தன.

அவளுக்கு உடனே மகள் மேல்தான் சந்தேகம் போனது. குட்டிக்கு வீசிங். போன மழைக்காலத்தில் ஒரு ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டு, ஆஸ்பத்திரியில் உதடு நீலம் பாரித்து மூச்சுக்குத் திணறியவள். ஐஸ் எடுத்தாயா என்று கேட்டால், "நான் சாப்பிடலம்மா" என்று ஒரே சாதிப்பு. விரல் நுனிகளோ வெகுநேரம் தண்ணீரில் ஊறியது போலச் சுருங்கியிருக்கும். ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அப்படியே அவள் அப்பா. அவர் வேலை விஷயமாக வெளியூரில் இருந்தார். "விடு, குழந்தைதானே" என்று போனில் சொன்னதோடு அவர் கடமை முடிந்தது.

கையும் களவுமாகப் பிடிக்க அவளும் பார்த்தாள். ஃபிரிட்ஜ் கதவில் ஐஸ் விழும் பகுதியைப் பொத்தானால் பூட்டினாள், முக்காலியைப் பரணில் ஏற்றினாள். அப்படியும் மதியங்களில், துணி மடித்துக்கொண்டிருக்கும்போதோ கண் அசரும்போதோ, சமையலறையிலிருந்து கடகடவென்று ஐஸ் உருளும் சத்தம் வரும். ஓடிப் போய்ப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள், துவாரத்துக்குக் கீழே தட்டில் ஈரம் மட்டும் பளபளக்கும். கடைசியில் எரிச்சலில் ஐஸ் பெட்டியை இழுத்து சிங்க்கில் கவிழ்த்தாள். ஃபிரிட்ஜுக்குப் போகும் தண்ணீர்க் குழாயையும் திருகி மூடினாள். இனி எப்படித் தின்கிறாய், பார்ப்போம்.

அடுத்த நாள் குட்டியின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி இருந்தது. பென்சில் சீவும்போது பட்டுவிட்டதாம். அதைச் சொல்லும்போது அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, ஃபிரிட்ஜைத்தான் பார்த்தாள்.

அன்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. குட்டி உள்ளறையில் தூங்கினாள். காலியான ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து இப்போது வேறு சத்தம் வந்தது, ஈரமாக, விட்டுவிட்டு. கூடவே புளித்த பால் வாடை. அவள் மெக்கானிக்குக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஐஸ் தேய்ஞ்சு வர்றதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம். ரொம்ப நாள் எடுக்காம இருந்தா அப்படித்தான் ஆகும். துவாரத்துக்கு மேல ஒரு மூடி இருக்கும், அது சரியா மூடலன்னா இப்படிச் சத்தம் வரும். சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு விரல விட்டுப் பாருங்க."

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. பாவம் பிள்ளை, செய்யாத தப்புக்கு எத்தனை திட்டு. ஆனால் அந்தச் சுருங்கிய விரல்கள்? அந்த ஒன்று மட்டும் இடித்தது.

சுவிட்சை அணைத்தாள். ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. அந்தச் சத்தம் அடங்கவில்லை.

தண்ணீர் சொட்டுகிறதாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். குழாயைத்தான் மூடியாயிற்றே. இரண்டு விரல்களைத் துவாரத்துக்குள் விட்டாள். சத்தம் நின்றது.

மூடி தட்டுப்பட்டது. தள்ளினாள். திறந்தது.

உள்ளே சில்லென்று இல்லை. வெதுவெதுப்பு. ஈரம். மெத்தென்று ஏதோ விரலுக்கு அடியில் புரண்டது. அதற்கு மேலே ஒரு வரிசை. சின்னச் சின்னதாக. பால்பற்கள்.

அது சப்ப ஆரம்பித்தது.

"மூடி கெடச்சுதா மேடம்?"

அவள் விரல்களை இழுக்கப் போனாள்.

"இழுக்காதம்மா."

குட்டி சமையலறை வாசலில் நின்றாள். மூச்சு கீச்சுக் கீச்சென்றது. பிளாஸ்திரியைப் பிரித்து விரலைக் காட்டினாள். நகம் இல்லை.

"இழுத்தா கடிக்கும். நான் இழுத்துட்டேன்." பிறகு, குறை சொல்வது போல, "ஐஸ நீதானம்மா நிறுத்தின. அதுக்குப் பசிக்கும்ல?"

குட்டி கிட்டே வந்தாள். இன்னொரு கையை நீட்டினாள். "உனக்கு வலிச்சா சொல்லு. நான் குடுக்கறேன்."

"வேணாம்," என்றாள் அவள். "நீ ரூமுக்குப் போ. கதவச் சாத்திக்கோ."

குட்டி போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இப்போது இழுக்கலாம். இழுத்தால், பிறகு அது யாரைக் கேட்கும்?

அவள் இழுக்கவில்லை. போனில் மெக்கானிக் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். துவாரத்திலிருந்து ஈரமான ஒரு சின்னக் கை இறங்கி வந்து, பால் குடிக்கும் பிள்ளை பிடிப்பது போல, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.