ரத்தத்தில் இல்லாத குரல்

"அண்ணி...!"

கையிலிருந்த டம்ளர் நழுவிச் சிதறியது.

கொழுந்தனின் குரல்! போன வாரம் மாடியிலிருந்து விழுந்து செத்துப்போன கொழுந்தனின் குரல்... பட்டப்பகலில், பூட்டிக் கிடந்த அவன் அறைக்குள்ளிருந்து!

"அண்ணி... மாடிக்கு வாங்க..."

சுவரோடு ஒட்டிக்கொண்டாள். 'செத்துப்போன அப்பா கூப்பிடறார் அண்ணி, நான் பொய் சொல்லல' என்று அவனும் அழுதானே! டாக்டரிடம் போகலாம் என்றாள். அதற்குள் போய்விட்டான்.

மனச்சிதைவு நோயின் வேரை மரபணுக்களில் தேடுகிற ஆராய்ச்சியாளர் அவள். வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றத் தெரியவில்லை! ஆனால் அவன் தானாகக் குதித்தான் என்று மட்டும் அவள் நம்பவில்லை; போலீஸிடமும் அதையே சொல்லியிருந்தாள்.

போன் அலறியது. இன்ஸ்பெக்டர்.

"தற்கொலைன்னு முடிச்சிடலாம் மேடம். நீங்களே அவர் ரத்தத்தை டெஸ்ட் பண்ணீங்களாமே? மரபணுப் பாதை கெட்டிருந்ததாம்!"

"யார் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்."

அவளுக்குச் சில்லிட்டது.

"சார், ஒரு வேலையைச் சேர்ந்து செய்யற மரபணுக் கூட்டத்தைத்தான் பாதைன்னு சொல்றோம். ஆயிரக்கணக்கான நோயாளிகளையும் நல்லா இருக்கறவங்களையும் ஒப்பிட்டாத்தான் எந்தப் பாதை தடுமாறுதுன்னு தெரியும். ஒருத்தர் ரத்தத்தை மட்டும் வச்சு நோய்னு சொல்லவே முடியாது! அவன் ரத்தத்தை நான் தொட்டதே இல்ல!"

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"கதவைத் திறந்தே வைங்க. வரேன்."

முதலில் வந்தது கணவன். ஒலிப்பதிவுக்கூடம் நடத்துகிறவன்.

"என்னம்மா, இப்படி வேர்த்திருக்கு?"

அவன் கை சட்டைப்பைக்குள் நுழைந்தது.

"அண்ணி... வந்து குதிங்க...!"

"கேட்குதா உங்களுக்கு?"

"ஒண்ணும் கேட்கலியே! ஐயோ... உனக்குமா? எங்க குடும்பத்து ஜீன் உன்னையும் விடலியா!"

அவள் நிமிர்ந்தாள். பயம் சட்டென்று வடிந்தது.

"உங்க குடும்பத்து ஜீன் எனக்கு எப்படிங்க வரும்? கல்யாணம் பண்ணா ஒட்டிக்குமா?"

அவன் முகம் வெளுத்தது.

"உங்க தம்பி வீட்டை விக்க மாட்டேன்னான். அவனை அப்பா குரல்ல கூப்பிட்டீங்க. அவன் தானா குதிக்கலைன்னு சொல்ற என்னை அவன் குரல்ல கூப்பிடறீங்க. எல்லாம் உங்க ஸ்டுடியோல செஞ்ச குரல்; பாக்கெட்ல இருக்கற போன்லேருந்து ஓட்டறீங்க!"

"பைத்தியம்! இங்க எந்தக் குரலும் இல்ல!" கழுத்தை நோக்கிப் பாய்ந்தான்.

"அண்ணி...!" பூட்டிய அறைக்குள் அந்தக் குரல் நிற்கவில்லை.

நிஜமாகவே கேட்டிருக்கிறது அந்தப் பிள்ளைக்கு. அவள் கண் நிறைந்தது.

பாய்ந்த கையை வாசலிலிருந்து வந்த ஒரு கை முறுக்கிப் பிடித்தது.

"அட, எனக்கும் நல்லாவே கேட்குதே சார்!" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்போ நானும் உங்க பங்காளிதானா?"