ஒரகடத்தில் ஒரு மண்புழுத் திருட்டு

தயிர் டப்பா நிறைய மண்புழுக்களோடு வந்து நின்றாள் பாண்டிச்செல்வி. தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியையான வேல்விழி, முதலில் நாற்காலியைத்தான் காட்டினார். ஆய்வக உதவியாளர் கார்முகிலோ அதற்குள் டப்பாவைத் திறந்துவிட்டார். அந்த மனிதருக்கு எதிலும் அவசரம்.

பாண்டிச்செல்வி தென்காசிப் பக்கம். ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் பார்க்கிறவள். ஆயுத பூஜை இரவு நல்ல மழை. விடிந்து பார்த்தால் வீட்டுக்கார அம்சவல்லியின் மண்புழு உரக்குழியில் ஒரு புழுகூட இல்லை; பாண்டிச்செல்வியின் சாமந்திப் பாத்தியில் புழுவாக நெளிந்தது. திருடி என்று சொல்லி, தீபாவளிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் அம்சவல்லி.

"நான் எடுக்கல மேடம். இது தானா வந்த நாட்டுப் புழுன்னு நீங்க சொல்லிட்டா போதும்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

வேல்விழி டப்பாவைத் தட்டில் கொட்டிக் கிளறினார். செம்மண், வளர்ந்த புழுக்கள், வேறொன்றுமில்லை. உரக்குழிக்குப் போன கார்முகில் முட்டைக்கூடுகளை மட்டும் கொண்டுவந்தார். குழியில் கிடந்த, டயர் ஏறி நசுங்கிய எலுமிச்சம்பழங்களால் கையெல்லாம் குங்குமம் என்று அலுத்துக்கொண்டார்.

மண்புழுக்களை வெறும் கண்ணால் வகை பிரிப்பது பெரும்பாடு. அதனால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். அது தாய்வழியாக மட்டும் இறங்கி வருவது. வகைக்கு வகை மாறுவது. முடிவு வந்ததும் கார்முகிலின் முகம் தொங்கிப்போயிற்று.

"நாட்டுப் புழு இல்ல மேடம். ரெண்டும் ஒரே ஆப்பிரிக்க வகை, ஒரே தாய்வழி. மாட்டிக்கிச்சு அந்தப் பொண்ணு."

"நல்ல சேதிதானே. வண்டிய எடுங்க," என்றார் வேல்விழி.

சாமந்திப் பாத்தியை வேல்விழி கிளறிப் பார்த்துவிட்டு வர, உரக்குழியருகே எல்லோரும் கூடினார்கள். புழுக்கள் அம்சவல்லியுடையவைதான் என்றதும் அந்த அம்மாள் முகத்தில் வெற்றிக்களை. வேல்விழி அவசரப்படவில்லை.

"திருடறவங்க உரத்தோடதான் வாரியிருப்பாங்க. முட்டைக்கூடும் சேர்ந்து போயிருக்கும். பாத்தியில ஒரு கூடுகூட இல்ல. அத்தனையும் இங்கயே கெடக்கு. முட்டைக்கு ஊர்ந்து போகத் தெரியாது, புழுவுக்குத் தெரியும். பூஜைக்கு நசுக்கின எலுமிச்சம்பழத்த எங்க போட்டீங்க?"

"பைக்கு, ஷேர் ஆட்டோ, அல்லாத்துக்கும் வச்சது. குப்பதானேன்னு வாரி இந்தக் குழில கொட்டிட்டேன்," என்றார் அம்சவல்லி. குரல் இறங்கியிருந்தது.

அந்தப் புளிப்பு புழுக்களுக்கு ஆகாது. மழை ஈரம் வழிவிட, ராத்திரியே மூட்டை கட்டிவிட்டன. வேல்விழி அதை விளக்கியதும் பாண்டிச்செல்விக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள், கார்முகில்தான் பெரிதாக.

"புழுவ அள்ளித் தந்துருதேன்க்கா," என்றாள் பாண்டிச்செல்வி.

அம்சவல்லி சாமந்திப் பாத்தியைப் பார்த்தபடி நின்றார்.

"வாணாம். நல்ல எடமாப் பாத்து வந்துகீதுங்க, அங்கியே இருக்கட்டும். நீயும் எங்கியும் போவாத."